கிலார்னி ஏரிகள் ஏன் அவ்வளவு தெளிவு? அமில மழையும் கால்சியக் கையிருப்பும்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், ஹியூரான் ஏரியின் வடகரையை ஒட்டி, கிலார்னி என்றொரு பூங்கா இருக்கிறது. வெள்ளை வெளேரென்ற குவார்ட்சைட் மலைகள், நடுவே நீல ஏரிகள். அவற்றில் ஒன்றின் பெயர் ஓ.எஸ்.ஏ. ஏரி. 1930களில் மரம் வெட்ட வந்தவர்களிடமிருந்து இந்த ஏரிக்கரையைக் காப்பாற்ற ஏ.ஒய். ஜாக்சன் என்ற ஓவியர் முன்னின்றார். அவர் சார்ந்திருந்த ஒன்டாரியோ ஓவியர் சங்கத்தின் முதலெழுத்துகளே ஏரிக்குப் பெயராகிவிட்டன. மரங்கள் பிழைத்தன. ஆனால் அந்தப் பூங்காவின் பல ஏரிகளில் ட்ரவுட் மீன் இல்லாமல் போயிற்று.

படகில் போகிறவர்கள் பல மீட்டர் ஆழத்தில் கிடக்கும் கல்லைக்கூடப் பார்க்க முடிகிறதே என்று வியப்பார்கள். அந்தத் தெளிவே நோயின் அறிகுறி. காட்டுக்குள் இருக்கும் ஏரியில் மக்கிய இலைகளின் சாறு கலந்து, தண்ணீர் லேசான பழுப்பாக இருக்க வேண்டும். தண்ணீர் அமிலமாகும்போது சுற்றுமண்ணிலிருந்து அலுமினியம் கரைந்து வருகிறது. அது அந்தச் சாற்றைத் திரட்டி அடியில் படியவைத்துவிடுகிறது. இங்கே உள்ள லம்ஸ்டன் ஏரியின் பிஹெச் 1961-ல் 6.8. 1971-ல் 4.4. பிஹெச் ஒன்று குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும் என்பதால், பத்தே ஆண்டில் ஏறத்தாழ 250 மடங்கு. பீமிஷ், ஹார்வி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1972-ல் இதை வெளியிட்டபோதுதான் வட அமெரிக்காவில் பலருக்கும் விஷயத்தின் வீரியம் உறைத்தது.

அமிலம் வந்தது வடகிழக்கே சுமார் 60 கி.மீ. தள்ளியிருக்கும் சட்பரியிலிருந்து. அங்கே பூமிக்கடியில் நிக்கலும் தாமிரமும் கந்தகத்தோடு பிணைந்த தாதுவாகக் கிடக்கின்றன. உலோகம் வேண்டுமென்றால் கந்தகத்தை எரித்துத் துரத்த வேண்டும். 1888 முதல் 1929 வரை அதைத் திறந்தவெளியில் செய்தார்கள். தரையில் மரக்கட்டைகளை அடுக்கி, மேலே தாதுவைக் குவித்துக் கொளுத்திவிடுவார்கள், குவியல் மாதக்கணக்கில் புகையும். விறகுக்காகக் காடு போயிற்று, மிச்சக் காட்டைத் தரையோடு ஊர்ந்த புகை கருக்கியது, மரம் இல்லாத சரிவில் மழை மண்ணையே அடித்துப் போனது. ஏறக்குறைய 20,000 ஹெக்டேர் கருத்த வெறும் பாறையாயிற்று.

பிறகு மூடிய உலைகள் வந்தன. புகைபோக்கிகள் உயர்ந்தன. 1972-ல் 381 மீட்டர் உயரத்தில் ஒரு புகைபோக்கி எழுந்தது. ஊருக்குள் மூச்சுத்திணறல் குறைந்தது உண்மை. ஆனால் உயரமான புகைபோக்கி கந்தகத்தை அழிப்பதில்லை, தூரத்துக்கு அனுப்பிவைக்கிறது, அவ்வளவுதான். 1960களில் அந்த வட்டார உலைகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 25 லட்சம் டன் சல்ஃபர் டை ஆக்சைடை வெளியேற்றின. 17,000 சதுர கி.மீ. பரப்பில் 7,000 ஏரிகளின் பிஹெச் 6-க்குக் கீழே இறங்கியதாகக் கணக்கிட்டார்கள்.

சல்ஃபர் டை ஆக்சைடு மேலே போனவுடனே அமிலமாகிவிடாது. வெயிலில் உருவாகும் ஹைட்ராக்சில் என்ற துடிப்பான மூலக்கூறு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கந்தக அமிலமாக்குகிறது. அதற்குச் சில நாட்கள் பிடிக்கும். மேகத் துளிக்குள் நுழைந்துவிட்டால் கதை வேறு: அங்கே கரைந்திருக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு அதே வேலையைச் சில நிமிடங்களில் முடித்துவிடும். நைட்ரஜன் ஆக்சைடுகளின் மூலம் எரிபொருள் மட்டுமல்ல, வெப்பமும்தான். எஞ்சினிலோ கொதிகலனிலோ சூடு மிக அதிகமானால் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனுமே சேர்ந்துவிடும். அது ஒரு நாளுக்குள்ளாகவே நைட்ரிக் அமிலமாகிறது. எனவே கந்தகம் பல நூறு கி.மீ. பயணிக்கும், நைட்ரஜன் கொஞ்சம் கிட்டத்திலேயே இறங்கிவிடும். இன்னொன்று, மழையாக மட்டும் வருவதில்லை. வாயுவாகவும் துகளாகவும் இலைமேல் உலர்ந்து படிந்து, அடுத்த மழையில் கழுவப்பட்டு மண்ணுக்குப் போகும் பங்கும் கணிசமானது.

சுத்தமான மழைநீரின் பிஹெச் 7 அல்ல. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைவதால் அது சுமார் 5.6. அமெரிக்காவின் வடகிழக்கில் நிலைமை மோசமாக இருந்த காலத்தில் மழை சராசரியாக 4.2-ஐ ஒட்டி இருந்தது. அதாவது 25 மடங்கு. தோலில் பட்டால் எதுவும் தெரியாது, எலுமிச்சைச் சாறு இதைவிடப் பல மடங்கு புளிப்பு. அப்படியிருக்க, அந்த மழை ஓர் ஏரியை எப்படிக் காலி செய்கிறது?

என் கணிப்பில் அமில மழையைப் பற்றி எழுதுகிறவர்கள் வானத்தையே அதிகம் பார்க்கிறார்கள். சேதத்தைத் தீர்மானிப்பது தரை. ஒரே மேகம், ஒரே மழை. சுண்ணாம்புப் பாறை மேல் இருக்கும் ஏரிக்கு ஒன்றும் ஆவதில்லை, பக்கத்திலேயே கிரானைட்டிலோ குவார்ட்சைட்டிலோ உட்கார்ந்திருக்கும் ஏரி செத்துப்போகிறது. மண்துகள்களில் ஒட்டியிருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் ஒரு குடும்பத்தின் சேமிப்பு மாதிரி. ஒவ்வொரு மழையும் அதில் கொஞ்சம் எடுக்கிறது, பாறை சிதைந்து மெதுவாகத் திரும்பப் போடுகிறது. எடுப்பது போடுவதை மிஞ்சினாலும் பல பத்தாண்டுகளுக்கு வெளியே எதுவும் தெரியாது. நீரின் பிஹெச் ஏறக்குறைய அப்படியே நிற்கும். கையிருப்பு தீர்ந்த பிறகு சடாரென்று விழும். லம்ஸ்டன் ஏரி பத்து ஆண்டில் சரிந்ததற்கு இதுதான் காரணம். பிஹெச்சை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு எச்சரிக்கையே கிடைத்திருக்காது.

கால்சியம் தீர்ந்ததும் அதன் இடத்தில் அலுமினியம் புறப்படுகிறது. எல்லா மண்ணிலும் அலுமினியம் ஏராளம், ஆனால் கரையாத வடிவில். நீரின் பிஹெச் 5.5-க்குக் கீழே போகப் போக அது கரைந்து ஓடையில் இறங்கும். மீனின் செவுளில் படிந்தவுடன் செவுள் கோழையைச் சுரந்து அடைத்துக்கொள்கிறது, உடம்பிலுள்ள உப்பு வெளியே கசிகிறது. பல இடங்களில் மீனைக் கொன்றது அமிலத்தைவிட இந்த அலுமினியம்தான். ஆனால் பெரிய மீன் செத்து மிதக்கும் காட்சி எல்லா இடத்திலும் வராது. கிலார்னியின் ஜார்ஜ் ஏரியில் சக்கர் மீன்களை ஆராய்ந்தபோது, பெண் மீன்களின் இரத்தத்தில் கால்சியம் குலைந்திருந்தது, வயிற்றில் முட்டை இருந்தும் அவை முட்டையிடவில்லை. குஞ்சு இல்லை, கிழடுகள் மட்டும் இருக்கின்றன, சில ஆண்டுகளில் அவையும் இல்லை. வலை போடுகிறவனுக்கு நடுவில் "இப்போது பெரிய மீனாகக் கிடைக்கிறது" என்றுகூடத் தோன்றும்.

பனி பெய்யும் நாடுகளில் இன்னொரு கொடுமை சேர்கிறது. குளிர்காலம் முழுக்கப் பனியில் அமிலம் தங்குகிறது. வசந்தத்தில் உருகத் தொடங்கும்போது, பனித்துகள்களின் மேற்பரப்பில் இருக்கும் அமிலம் முதலில் வழிந்துவிடுகிறது. நார்வேயில் அளந்து பார்த்ததில், உருகும் நீரின் முதல் 30 சதவீதத்திலேயே மொத்த அமிலத்தின் 50 முதல் 80 சதவீதம் வந்துவிட்டது. முட்டையும் குஞ்சும் ஓடையில் இருக்கும் வாரங்களும் அவைதான். ஆண்டுச் சராசரி பிஹெச் நன்றாக இருக்கிறது என்று சொல்வதில் அர்த்தமில்லை. அந்த இரண்டு வாரத்துப் பிஹெச் என்ன என்று கேட்க வேண்டும்.

அமிலம் கூடக் கூட எது முதலில் போகிறது என்ற வரிசையைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்டியது ஒன்டாரியோவின் வடமேற்குப் பகுதியில் உள்ள ஏரி எண் 223. டேவிட் ஷிண்ட்லர் தலைமையில் 1976 முதல் அந்த ஏரியில் வேண்டுமென்றே கந்தக அமிலத்தை ஊற்றினார்கள். பிஹெச்சை 6.8-லிருந்து ஆண்டுக்குக் கொஞ்சமாக 5.0 வரை இறக்கினார்கள். சுற்றிலும் ஆலை இல்லை, வேறு உலோக மாசு இல்லை, எனவே கிடைத்த விளைவு அமிலத்துடையதே. 5.9-ஐ ஒட்டியே, ட்ரவுட்டின் இரையான மைசிஸ் என்ற சின்ன இறால் வகை அடியோடு மறைந்தது. கெண்டைக் குடும்பத்துச் சிறுமீன் ஒன்று குஞ்சு பொரிப்பதை நிறுத்தியது. இன்னும் இறங்கியபோது நன்னீர்க் கல்லிறாலின் ஓடு இறுகவில்லை. ட்ரவுட் உயிரோடுதான் இருந்தது, ஆனால் தின்ன ஒன்றுமில்லை. பிஹெச் 5-ல் அவை எலும்பும் தோலுமாகப் பிடிபட்டன. மீனை அமிலம் நேரடியாகக் கொல்லும் அளவுக்கு வெகு முன்பே உணவுச் சங்கிலி கீழிருந்து அறுந்துவிட்டது. தொட்டியில் மீனைப் போட்டு "எந்த பிஹெச்சில் சாகிறது" என்று பார்க்கும் சோதனைகள் இதைக் காட்டவே காட்டாது. அந்த மெலிந்த ட்ரவுட்டின் படங்கள் அரசியல்வாதிகளின் மேசைவரை போய்ச் சேர்ந்தன. அமெரிக்கா 1990-ல் தூய காற்றுச் சட்டத்தைத் திருத்தி மின்நிலையங்களின் கந்தகத்துக்கு உச்சவரம்பு வைத்தது. 1991-ல் கனடாவும் அமெரிக்காவும் ஒப்பந்தம் போட்டன.

காட்டின் கதை இன்னும் மெதுவானது. நியூ ஹாம்ப்ஷயரின் ஹப்பர்ட் புரூக் காட்டில் ஜீன் லைக்கன்ஸ் குழு 1963-லிருந்து மழையையும் ஓடையையும் அளந்துகொண்டே இருந்தது. மழையில் அமிலம் குறைந்த பிறகும் ஓடையின் வேதியியல் எதிர்பார்த்தபடி மீளவில்லை. 1996-ல் வெளிவந்த கணக்குப்படி, மண்ணின் கால்சியம் பெருமளவு ஏற்கெனவே அடித்துச் செல்லப்பட்டிருந்தது. சர்க்கரை மேப்பிள் மரம் கால்சியம் இல்லாமல் நலிந்தது. சிவப்பு ஸ்ப்ரூஸ் மரத்தின் ஊசியிலையில், செல்சவ்வோடு ஒட்டியிருக்கும் கால்சியத்தை அமிலப்பனிமூட்டம் கழுவி எடுத்தது. அதனால் இலையின் குளிர்தாங்கும் திறன் சில டிகிரி குறைந்தது. அந்தச் சில டிகிரிதான் குளிர்காலத்தில் இலை சிவந்து உதிர்வதற்கும் பிழைப்பதற்கும் உள்ள வித்தியாசம். நெதர்லாந்தில் இதே கால்சியப் பஞ்சம் நத்தைகளைக் குறைத்தது. நத்தை ஓட்டைத் தின்று முட்டை ஓட்டுக்குக் கால்சியம் சேர்க்கும் சிட்டுக்குருவி அளவுப் பறவைகள், ஓடு மெலிந்த முட்டைகளை இட்டன. ஒன்டாரியோ ஏரிகளில் டாஃப்னியா என்ற நீர்ப்பூச்சிக்கு லிட்டருக்கு 1.5 மி.கி.யாவது கால்சியம் வேண்டும். அது குறைந்த இடங்களில், கால்சியம் அதிகம் தேவைப்படாத, உடம்பைச் சுற்றி வழவழப்பான உறையோடு திரியும் ஹோலோபீடியம் பெருகுகிறது. பிஹெச் மீண்ட ஏரியிலும் இது நடக்கிறது.

சரி, சீர்செய்வது எப்படி? சட்பரியில் 1978-ல் தொடங்கிய வேலையை நான் மிக மதிக்கிறேன். ஹெக்டேருக்கு 10 டன் பொடித்த டோலமைட் சுண்ணாம்புக்கல். சாதாரண சுண்ணாம்புக்குப் பதில் டோலமைட் ஏனென்றால், மண்ணில் மெக்னீசியமும் தீர்ந்திருந்தது, கால்சியத்தை மட்டும் கொட்டினால் மெக்னீசியப் பற்றாக்குறை இன்னும் முற்றும். பாறைச்சரிவில் வண்டி ஏறாது என்பதால் மூட்டைகளைத் தோளில் சுமந்து போய் ஆட்களே கையால் தூவினார்கள். பெரும்பாலும் கோடை விடுமுறை மாணவர்கள். அதன் பிறகு உரம், புல்லும் பயறுவகையும் கலந்த விதை. சுண்ணாம்பு இரண்டு வேலை செய்தது: பிஹெச்சை ஏற்றியது, அதனாலேயே உலைப்புகையோடு வந்து மண்ணில் தங்கிய தாமிரத்தையும் நிக்கலையும் கரையாத வடிவுக்கு மாற்றியது. வேருக்கு உண்மையான நஞ்சு இந்த உலோகங்கள்தான். புல் பிடித்த மறு ஆண்டுகளில் பிர்ச், பாப்லர், வில்லோ விதைகள் காற்றில் தாமாக வந்து முளைத்தன. இதுவரை 1 கோடிக்கும் மேல் மரக்கன்றுகளும் நட்டிருக்கிறார்கள். ஆனால் உலைகளின் கந்தகத்தை 90 சதவீதத்துக்கும் மேல் குறைக்காமல் இதில் எதுவும் நின்றிருக்காது. அந்த உயர்ந்த புகைபோக்கிக்கு 2020-ல் வேலை இல்லாமல் போயிற்று.

ஹப்பர்ட் புரூக்கில் 1999 அக்டோபரில் ஒரு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதிக்கு ஹெலிகாப்டரிலிருந்து வொல்லஸ்டோனைட் என்ற கால்சியம் சிலிகேட்டைத் தூவினார்கள். 12 ஹெக்டேருக்குச் சுமார் 40 டன். சுண்ணாம்பு பிஹெச்சைச் சட்டென்று தூக்கிவிடும். இது மெதுவாகக் கரைந்து, பாறை சிதைவதைப் போலவே நடந்துகொள்ளும். மேப்பிள் தேறியது. ஆனால் பல ஆண்டுகள் கழித்து ஓடையில் நைட்ரேட் கூடியது. பல காலம் மண்ணில் தேங்கிக் கிடந்த கரிமப்பொருளை நுண்ணுயிர்கள் வேகமாகச் சிதைக்கத் தொடங்கியதன் பக்கவிளைவு. மருந்தைத் தூவிவிட்டு அளப்பதை நிறுத்தினால் இது கண்ணில் பட்டிருக்காது.

மூலத்திலேயே பிடிப்பதுதான் மலிவு. கணக்கைப் பாருங்கள். 500 மெகாவாட் அனல்மின் அலகு ஒன்று நாளைக்கு ஏறத்தாழ 8,000 டன் நிலக்கரி எரிக்கும். கந்தகம் அரை சதவீதம் என்றால் 40 டன் கந்தகம், அதாவது 80 டன் சல்ஃபர் டை ஆக்சைடு. டன்னுக்கு 1.56 டன் சுண்ணாம்புக்கல் வீதம் நாளைக்கு 125 டன் வேண்டும், கிடைப்பது 215 டன் ஜிப்சம். செய்முறை இது: 130 டிகிரியில் வரும் புகையைக் கோபுரத்துக்குள் விட்டு, மேலிருந்து சுண்ணாம்புக்கல் குழம்பைப் பீய்ச்சுவது. குழம்பின் பிஹெச் 5-க்கும் 6-க்கும் இடையில் நிற்க வேண்டும். இறங்கினால் வாயு கரையாது. ஏறினால் கல் கரையாமல் வீணாகி, குழாயில் படிவு கட்டும். அடித்தொட்டியில் காற்றை ஊதாவிட்டால் ஜிப்சத்துக்குப் பதில் சல்ஃபைட் சேறு உருவாகும், அதை வடிகட்டுவது மிகக் கடினம். புகையின் குளோரைடு குழம்பில் சேர்ந்து சாதாரண எஃகை அரிக்கும். எல்லாமே தெரிந்த கோளாறுகள், தெரிந்த தீர்வுகள்.

இந்தியாவில் 2015 டிசம்பரில் அனல்மின் நிலையங்களின் சல்ஃபர் டை ஆக்சைடுக்கு வரம்பு வந்தது. 500 மெகாவாட்டுக்குக் குறைந்த பழைய அலகுகளுக்குக் கன மீட்டருக்கு 600 மி.கி., பெரியவற்றுக்கு 200. காலக்கெடு நீண்டுகொண்டே போய், 2025 ஜூலையில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்ட அலகுகளுக்கு இந்தக் கந்தகம் பிடிக்கும் கருவியிலிருந்து விலக்கே கொடுத்துவிட்டார்கள். நம் நிலக்கரியில் கந்தகம் குறைவு என்பது ஒரு வாதம். நம் மழை பெரும்பாலும் அமிலமாக இல்லை என்பதும் அடிக்கடி கேட்பது. உண்மைதான், ஆனால் அதைக் காப்பது காற்றில் பறக்கும் கால்சியப் புழுதி. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் புகைத்துகளைப் பிடித்த பிறகு, மழையை நடுநிலையாக்கிவந்த கால்சியமும் சரிந்தது, கந்தகம் குறைந்த பலனில் ஒரு பங்கை அது தின்றுவிட்டது என்று 1994-லேயே காட்டியிருக்கிறார்கள். சாம்பலைப் பிடித்துக் கந்தகத்தை மட்டும் வெளியே விடும் வழியில்தான் நாம் போகிறோம். அது சரியில்லை. சல்ஃபேட் துகளாக நுரையீரலுக்குள் போகும் கணக்கு இதில் சேரவேயில்லை.

புழுதி குறைவாகவும் மழை மிகுதியாகவும் மண் ஏற்கெனவே புளித்தும் இருக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைப்பகுதிதான் எனக்குக் கவலை. அங்கே அளக்க விரும்பும் கல்லூரி ஆசிரியர்களுக்குச் சில குறிப்புகள்.

மழையை பாலித்தீன் குடுவையில் பிடியுங்கள். சோப்பு வேண்டாம், காய்ச்சி வடித்த நீரால் பலமுறை அலசினால் போதும். மரத்தடியும் கூரை ஓரமும் கூடாது, சிமெண்ட் மேல் தெறித்த ஒரு துளி போதும் கணக்கு கெட. மழை தொடங்கும்போது மூடியைத் திறந்து, நின்றதும் மூடிவிட வேண்டும். திறந்தே வைத்தால் புழுதியைத்தான் அளப்பீர்கள். அன்றைக்கே அளவு எடுங்கள், மழையிலுள்ள ஃபார்மிக், அசிட்டிக் அமிலங்களை நுண்ணுயிர்கள் தின்றுவிட்டால் பிஹெச் பொய்யாக ஏறும். லிட்மஸ் தாளும் நிறத்தாளும் இதற்கு ஆகாது, சாயமே அந்த நீரின் பிஹெச்சை மாற்றிவிடும். மீட்டரை 4, 7 கரைசல்களில் சரிபார்த்த பிறகு மின்முனையை நன்றாக அலசுங்கள். உப்பே இல்லாத நீரில் எண் நிலைக்கச் சில நிமிடம் ஆகும், கலக்காமல் காத்திருங்கள்.

அதைவிட முக்கியம் ஓடை நீரின் காரத்தன்மை, அதாவது அது எவ்வளவு அமிலத்தைத் தாங்கும் என்ற அளவு. 100 மி.லி. நீரை எடுத்து, 0.02 நார்மல் கந்தக அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பிஹெச் 4.5 வரை இறக்குங்கள். செலவான அளவிலிருந்து 0.16 மி.லி. கழியுங்கள், 4.5 என்ற அந்த அளவை எட்டவே அவ்வளவு அமிலம் போகும். மீதியில் ஒவ்வொரு மி.லி.யும் லிட்டருக்கு 10 மி.கி. கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். மீதி 1 மி.லி.க்குள் இருந்தால் அந்த ஓடை எளிதில் அமிலமாகக்கூடியது. பருவமழையின் முதல் வெள்ளத்திலும், ஓடை மெலிந்த கோடையிலும் தனித்தனியாக எடுங்கள். கோடையில் ஊற்றுநீர் அதிகம் கலப்பதால் எண் நல்லதாகவே தெரியும், வெள்ளத்து எண்ணைத்தான் பதிவேட்டில் முதலில் எழுத வேண்டும்.